ஜவுபர் காக்காவின் முழங்கால் வலி

சாய்ந்தமருதில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும், ஊரார் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஜவுபர், கல்லாவில் உட்கார்ந்தே ஐம்பத்தைந்து வயதையும் அதற்கேற்ற வயிற்றையும் சேர்த்துக்கொண்டவர். மக்காவுக்கு உம்றாப் பயணம் உறுதியானதும், ஏற்பாடு செய்தவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சக்கர நாற்காலி ஒண்டு சொல்லி வைப்பமா காக்கா?" என்று கேட்டார். கூடப் பயணம் போகவிருந்த பக்கத்துக் கடை மீராலெவ்வை விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மட்டும் என்ன ஒல்லியா? அதே வயிறுதான். ஜவுபருக்கு நெஞ்சு சுட்டது. கஃபாவை என் காலால்தான் சுற்றுவேன் என்று அங்கேயே மனதுக்குள் நிய்யத்து வைத்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு கடற்கரையில் நடக்கத் தொடங்கினார். ஒரு கிழமை போவதற்குள் நடை நின்றுவிட்டது.

"ஏன் நடக்கப் போகல்ல?" என்றாள் அவரோடு உம்றாவுக்கு வரவிருந்த மனைவி றாஹிலா.

"முழங்கால் நோகுது."

பச்சைப் பொய். நோவு முழங்காலுக்கு மேலே இருந்தது. தொடையோடு தொடை உரஞ்சி, வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து, தோல் கன்றிச் சிவந்து எரிந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது? வாசனைப் பவுடரை அள்ளிக் கொட்டிப் பார்த்தார். அது வியர்வையில் குழைந்து கட்டிகட்டியாகி, அவர் கடையில் விற்கும் சாண்ட்பேப்பர் போலத் தேய்த்தது.

அவர் கட்டும் சாரத்தை ஊறப்போட எடுத்த றாஹிலா இரத்தப் பொட்டுகளைக் கண்டாள். "இதென்ன, உங்கட முழங்கால் இஞ்சயா இரிக்கி?" என்று சிரித்தவள், தொடையை ஒட்டிப் பிடிக்கும் களிசான் ஒன்று வாங்கி வந்தாள். புண் ஆறும் மட்டும் பொறுத்திருந்து, சாரத்துக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடந்தார் ஜவுபர். எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அடுத்த ஊரான காரைதீவின் எல்லை வரை போய்த் திரும்பினார்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது உம்றா வகுப்பில். "ஆம்புளையளுக்கு இஹ்றாமில வெள்ளைத் துண்டு ரெண்டுதான், தைச்ச உடுப்பு கூடா. உள்ளுக்கும் கூடா. வாசனையும் பூசப்படா" என்றார் மௌலவி. களிசானும் போயிற்று, பவுடரும் போயிற்று. வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார் ஜவுபர். கண்முன்னே சக்கர நாற்காலி உருண்டது.

"வாசனைதானே கூடா?" என்றாள் றாஹிலா. "வாசனையில்லாத வெசலின் பூசலாமாண்டு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டால் எங்கே பூச என்று மௌலவி கேட்பாரே! கடைசியில் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு தொலைபேசியில் கேட்டார்.

"ஓம், தாராளமாப் பூசுங்க. தலையிலயும் தாடியிலயும் மட்டும் வாணாம்" என்ற மௌலவி, குரலைத் தாழ்த்தி, "போனமுறை நானும் அப்பிடித்தான் சமாளிச்சன்" என்றார். ஜவுபருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதன்பிறகு மேலே ரீ-சேட், கீழே வெள்ளை இஹ்றாம் துண்டு என்று அவர் கடற்கரையில் நடந்த நடையை ஊரே பார்த்தது. தோணி தள்ளுகிறவர்கள், "காக்கா, மக்காவுக்கு நடந்தேயா போறீங்க?" என்று கூவினார்கள். அதே கோலத்தில் திரும்பி வருகையில் மீராலெவ்வை கடைக்குள் இருந்தபடி கைகொட்டிச் சிரித்தார். சிரிக்கட்டும். ஜவுபர் நடக்குமுன் பூசினார், காய்ந்தால் மறுபடி பூசினார், துண்டைச் சுருக்கம் விழாமல் கட்டப் பழகினார். தோலில் ஒரு கீறல் விழவில்லை.

மக்காவில் கஃபாவைச் சுற்றும் தவாபு முடிந்து, ஸபா, மர்வா குன்றுகளுக்கு இடையில் ஏழு தடவை நடக்கும் தொங்கோட்டம் பாதி கடந்தபோது, மீராலெவ்வை கால்களை அகட்டி அகட்டி நடந்து சுவரோரம் நின்றுவிட்டார்.

"என்ன மச்சான்?" என்றார் ஜவுபர்.

"முழங்கால் நோகுது மச்சான். நாற்காலி ஒண்டு பாரு."

ஜவுபருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இடுப்புப் பட்டியிலிருந்த வெசலின் டப்பாவை எடுத்து அவர் கையில் திணித்தார். "எனக்கும் இதே முழங்கால்தான் நொந்த. பாத்றூமுக்குப் போய்க் கொஞ்சம் மேல பூசிட்டு வா."

மர்வாவில் கடைசி ஓட்டத்தை முடித்து நின்றபோது ஜவுபர் சின்னப்பிள்ளை போலத் தேம்பி அழுதார். யாரும் தள்ளவில்லை, யாரும் தாங்கவில்லை. தன் காலால் வந்து சேர்ந்திருந்தார். பக்கத்தில் றாஹிலாவும் அழுதுகொண்டிருந்தாள்.

நெடுநேரம் கழித்து மீராலெவ்வையும் வந்தார், நடந்தே. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். அது துடைத்து வைத்தாற்போலக் காலியாக இருந்தது.