குதிகால் ஏற்றி நின்ற காவலாளி

பொத்தேரியில் என் மகள் தங்கிப் படிக்கும் விடுதி வாசலில் ஒரு காவலாளி இருந்தார். நரைத்த மீசை, தொளதொளத்த சீருடை. நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவார்.

"இன்னாண்ணா, டான்ஸா?" என்றேன்.

"அட நீ வேற சார்! உக்காந்தா தூங்கிடுவேன்னு சேரை எடுத்துகினு பூட்டானுங்க. நாளெல்லாம் நின்னா ரத்தம் கால்லயே தங்கிடுது. கெண்டைக்கால் சதை இறுகுனா மேல தள்ளிவுடுமாம். இங்க தங்கி நர்சிங் படிக்கிற பொண்ணு ஒண்ணு சொல்லிச்சு."

பேண்ட்டைத் தூக்கிக் காட்டினார். ரத்தக்குழாய்கள் நீலமாகப் புடைத்திருந்தன.

"நெஞ்சுல ஒண்ணு, கால்ல ரெண்டு. மூணு இதயத்தை வச்சுகினு வேலை பாக்குறேன்" என்று சலிப்பாகச் சிரித்தார்.

போன வாரம் அவர் இல்லை. நாற்காலியும் வரவில்லை. வாசலில் நின்ற புதியவரின் குதிகால்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.