மேனேஜர் அண்ணாச்சியின் பயம்

மேனேஜர் அண்ணாச்சி அந்தக் கண்ணாடி இழையை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த இழை. நான் அதை நீட்டியதும் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கழுத்தை மட்டும் முன்னால் நீட்டி, தூங்குகிற பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுல கரண்டு ஓடாதுல்ல, தாயி?"

"ஓடாது அண்ணாச்சி. வெளிச்சம் மட்டுந்தான் போகும்."

"வெளிச்சம்னா சூடு இருக்குமே?"

"உங்க உள்ளங்கையில வச்சாலும் தெரியாது."

கேட்டதையே வேறு வேறு மாதிரி மாற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில் சுண்டுவிரல் நுனியால் தொட்டார். தொட்ட விரலை மோந்து பார்த்தார். அறுபதை நெருங்கிய மனிதர். வெள்ளைச் சட்டை, வேட்டி, பையில் மூடி இறுக்கிய பேனா. சிவகாசிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த அந்தப் பட்டாசு ஆலையின் மேனேஜர். அவரைப் போலப் பயந்த ஒருவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மதுரையில் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனி, பாலங்களிலும் மின்மாற்றிகளிலும் இந்த இழைகளைப் பதித்துக்கொண்டிருந்தது. பட்டாசு ஆலைக்குள் போனது அதுதான் முதல் தடவை. இழைக்குள் விரல் நகம் அளவு நீளத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளை ஒளியாலேயே பதித்திருப்பார்கள். பிராக் கீற்றணி என்று பாடப்புத்தகம் சொல்லும். எங்கள் பேச்சில் வெறும் கிரேட்டிங்தான். இழைக்குள் அனுப்பும் ஒளியில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் அந்தக் கோடுகள் திருப்பி அனுப்பும். மற்றதெல்லாம் தாண்டிப் போய்விடும். அந்த இடத்தில் சூடு ஏறினால் திரும்பி வரும் நிறம் இம்மியளவு மாறும். எவ்வளவு மாறியது என்று கருவி கணக்கிட்டுச் சொல்லிவிடும். கருவியும் மின்சாரமும் கேட்டுக்குப் பக்கத்து ஆபீசிலேயே இருந்துகொள்ளலாம். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் கண்ணாடியும் ஒளியும் தவிர எதுவும் போகாது. ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாத இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று நான் விளக்கியபோது, அண்ணாச்சி "பொறி" என்ற சொல்லுக்கே கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

அவருடைய பயம் அந்த ஆலை முழுவதும் பிரசித்தம். வடக்கே மேகம் கறுத்தாலே வேலையை நிறுத்தி எல்லாரையும் வேனில் ஏற்றிவிடுவார். ஒவ்வொரு அறை வாசலிலும் உடம்பில் இருக்கும் மின்னூட்டத்தை இறக்க ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். மற்றவர்கள் போகிற போக்கில் தொடுவார்கள். இவர் உள்ளங்கையை முழுதாகப் பதித்து, எடுத்து, சந்தேகம் வந்து மறுபடியும் பதிப்பார். ஆபீசில் யாராவது டம்ளரைக் கீழே போட்டால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார். பெரிய முதலாளி இறந்த பிறகு ஆலையை எடுத்துக்கொண்ட சின்ன முதலாளிக்கு இதெல்லாம் எரிச்சல். அப்பா காலத்து ஆள் என்பதால் பொறுத்துக்கொண்டிருந்தார். சென்சார் வாங்கச் சம்மதித்ததுகூட அண்ணாச்சியின் நச்சரிப்புத் தாங்காமல்தான்.

அந்தப் பயத்தின் வேர் என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அம்மா சிவகாசியில் தீக்காய வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். என் சிறுவயதில் தூரத்தில் எங்காவது 'டொம்' என்று கேட்டால், விடுமுறை நாளாக இருந்தாலும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நானும் அப்பாவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்போம். அவர் திரும்பி வரும்போது சேலையில் இருக்கும் ஆஸ்பத்திரி மருந்து வாடைதான் எனக்குப் பயத்தின் வாடை. அண்ணாச்சியைப் பற்றிச் சொன்னதும் அம்மா உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வேற ஆலையில போர்மேனா இருந்தவரு. டெலிபோன் வந்திருக்குன்னு வெளிய போயிருக்காரு. அந்த நேரத்துல அவரு வரிசையே வெடிச்சுப்போச்சு. இவரு மேல ஒரு கீறல் இல்ல. தெனமும் வார்டு வாசல் வரைக்கும் வந்து உட்காந்திருப்பாரு, உள்ள வரவே மாட்டாரு." அப்புறம் ஏன் இதே தொழிலுக்குத் திரும்பினார் என்று கேட்டேன். வேறு என்ன தெரியும் அவருக்கு என்றார் அம்மா. நான் அந்த ஆலைக்குப் போகும் நாட்களில் அம்மா போன் செய்வதில்லை. ஆனால் மாலையில் நான் கூப்பிடும்போது முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

இழை பதித்த புதிதில் ஒரு பொய் எச்சரிக்கை வந்தது. மருந்து செலுத்தும் அறை ஒன்றில் திடீரென்று அளவு எகிறியது. ஆலையே காலியானது. உள்ளே போய்ப் பார்த்தால், தாயில்பட்டியிலிருந்து வேனில் வரும் ஒரு அக்கா தன் துணிப்பையைச் சுவரோரம் ஓடிய இழை உறையில் மாட்டி வைத்திருந்தார். கிரேட்டிங்குக்குச் சூடும் ஒன்றுதான், இழுப்பும் ஒன்றுதான். இரண்டுக்கும் நிறம் மாறும். பெண்களெல்லாம் சிரித்தார்கள். "மேனேஜரு, என் தூக்குவாளிச் சோத்துக்கு இம்புட்டு பயமா?" என்று அந்த அக்கா கேட்டார். அண்ணாச்சியும் சிரித்தார், உதடு மட்டும். நான் மறுவாரமே ஒவ்வொரு அறையிலும் இரண்டாவதாக ஒரு கிரேட்டிங் வைத்தேன். அது தளர்வான குழாய்க்குள் சும்மா கிடக்கும். யார் இழுத்தாலும் அதற்குத் தெரியாது, சூடு மட்டுமே தெரியும். ஒன்று மட்டும் ஏறினால் இழுப்பு. இரண்டும் சேர்ந்து ஏறினால்தான் பயப்பட வேண்டும் என்று அண்ணாச்சிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் தலையாட்டினார். ஒன்று ஏறினாலும் பயப்படத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

தீபாவளி சீசன் நெருங்கிய ஒரு திங்கட்கிழமை, கருவியைச் சரிபார்க்கக் காலையிலேயே போயிருந்தேன். முந்தின நாள் நல்ல மழை. அண்ணாச்சி சனிக்கிழமை உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாத அந்த மாலையில், கலந்த மருந்தில் மிச்சத்தை அழிக்காமல் இருப்பு அறையில் தகர டப்பாக்களில் மூடி வைத்துவிட்டார்கள். அப்படி வைக்கக் கூடாது. ஆர்டர் அவசரம். கூரையில் எங்கோ ஒழுகியிருக்கிறது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தன்னாலேயே சூடேறத் தொடங்கும். முதலில் புகையும் இருக்காது, வாடையும் இருக்காது. இதெல்லாம் பிறகு விசாரணையில் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் இருப்பு அறைக்கான இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று ஒட்டியபடி மேலே போய்க்கொண்டிருந்தன என்பதுதான்.

கருவியை ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மறுபடியும் அதே.

"அண்ணாச்சி, ரெண்டும் ஏறுது."

அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "பை கிய்யி..."

"இல்ல அண்ணாச்சி. ரெண்டும்."

அவர் முகம் சாம்பல் நிறமானது. ஆபீஸ் போனில் சின்ன முதலாளியைக் கூப்பிட்டார். மறுமுனையின் குரல் எனக்கும் கேட்டது. மறுபடியும் எவளாவது பையைத் தொங்கவிட்டிருப்பாள், போய்ப் பாருங்கள், லோடு ஏற்ற லாரி வந்துகொண்டிருக்கிறது, ஆலையை நிறுத்தாதீர்கள் என்றது. "சரிங்க முதலாளி" என்று பணிவாகச் சொல்லி வைத்துவிட்டார். நான் எச்சரிக்கை மணியின் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை பனிக்கட்டியாக இருந்தது.

"மணி அடிக்காதீக, தாயி. அந்த அறைக்குப் பக்கத்துலயே பொம்பளைக உக்காந்திருக்காக. கையில மருந்து. பதறி எந்திரிச்சா தட்டு விழுகும். ஒரு தட்டு விழுந்தாப் போதும்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நடந்தார்.

ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்கப் போகிறவர்போல மெதுவாகப் போனார். வேப்பமரங்களுக்கு இடையே தனித்தனியாக நிற்கும் வெள்ளை அறைகளில், இருப்பு அறைக்கு மிக அருகில் இருந்ததற்குத்தான் முதலில் போனார். அதன் வாசலில் செம்புத் தகட்டில் உள்ளங்கையைப் பதித்தார். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், திரையில் கோடு எவ்வளவு ஏறிவிட்டது என்று அவருக்குச் சொல்ல வழியே இல்லை. எனக்குத் தெரிவது அவருக்குத் தெரியாது. ஒரு கண் திரையில், ஒரு கண் அவர் முதுகில். ஓடிப்போய்க் கத்தலாமா என்று நினைத்தேன். கத்தினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள். வேகமாக, ஆனால் ஓடாமல், தலைத்துணியை இழுத்துவிட்டபடி. 'இன்ஸ்பெக்சனுக்கு ஆள் வந்திருக்காக. தட்ட அப்படியே மெதுவா வச்சிட்டு கேட்டுக்கு வெளிய போய் நில்லுங்க தாயி' என்று அவர் சொன்னதாகப் பின்னால் அறிந்தேன். இன்ஸ்பெக்சன் வந்தால், அனுமதிக்கு மேல் வைத்திருக்கும் ஆட்களைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்புவது அங்கே பழகிப்போன காரியம். யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அண்ணாச்சி வாசலைவிட்டு நகரவில்லை. உள்ளே இன்னும் ஒருவர் இருந்தார். தாயில்பட்டி அக்கா. மடியில் மருந்துத் தட்டு, முன்னால் பாதி செலுத்திய குழாய்கள். அதை மெல்ல இறக்கி, மூடி, கையைத் துடைத்து எழுந்தாக வேண்டும். அந்த நேரம் முழுவதும் அவர் நிலைப்படியில் கைவைத்துச் சாய்ந்து நின்றார். இருப்பு அறை அவருக்கு முதுகுப்புறம் இருந்தது. திரையில் கோடுகள் அதுவரை சாய்வாகப் போனவை, நிமிர்ந்தன.

அக்கா வெளியே வந்ததும் இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு வரிசைக்கும் அக்கா மறு வரிசைக்கும் பிரிந்து போனார்கள். வாசலுக்கு வாசல் நின்று, குனிந்து சொல்லி, அடுத்ததற்கு நகர்ந்தார்கள். பெண்களும் ஆண்களும் கேட்டைத் தாண்டிச் சாரிசாரியாகப் போனார்கள். யாரோ ஒரு பெண் சிரித்ததுகூடக் கேட்டது. கடைசியாக அக்காவும், அவருக்குப் பின்னால் அண்ணாச்சியும். அவர் கேட்டுக்குப் பக்கத்து வேம்பை நெருங்கும்போது திரையில் இருந்த கோடுகள் அறுந்தன. ஏறவில்லை, இறங்கவில்லை, இல்லாமல் போயின. திரும்பி வர வேண்டிய ஒளி வரவில்லை. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஜன்னல் கண்ணாடி முழுக்க என் மேல் கொட்டியது. நான் மேசைக்கு அடியில் கிடந்தேன். இரண்டாவது வெடி, மூன்றாவது வெடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கல்லும் ஓடும் தரையில் விழுகிற சத்தம். அம்மா இப்போது அடுப்பை அணைப்பார் என்று நினைத்தேன்.

எல்லாரும் இருந்தார்கள். வேன் வேனாக நிறுத்தி எண்ணிப் பார்த்தார்கள், திரும்பவும் எண்ணினார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. அண்ணாச்சி முதலில் போய் நின்ற அறை இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. ரோட்டோரப் பாலத்துச் சுவரில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். சிலர் காலைத் தொட்டார்கள். எழுந்து வாருங்கள், நிழலுக்குப் போவோம் என்று கூப்பிட்டார்கள். அவர் எழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்து அழுத்தியபடி குனிந்தே இருந்தார். பக்கத்தில் போனபோதுதான் வேட்டி நனைந்திருப்பதைப் பார்த்தேன். அதற்குள் தாயில்பட்டி அக்கா ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தள்ளுங்கடி, அவுக மேலெல்லாம் கரியா இருக்கு, சூடு தாங்கல" என்று சத்தமாகச் சொல்லி, குடத்துத் தண்ணீரை அப்படியே அவர் தலைவழியே ஊற்றினார். அவர் மேல் அப்படி ஒன்றும் கரி இல்லை. அண்ணாச்சி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

ஆலையை மூடினார்கள். வழக்கு, விசாரணை. அந்தப் பெண்கள் வேறு வேறு வேன்களில் வேறு வேறு ஆலைகளுக்குப் போனார்கள்; போகாமல் என்ன செய்வது. அண்ணாச்சி அதன் பிறகு எந்த ஆலைக்கும் போகவில்லை. திருத்தங்கலில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். அவ்வளவு நிதானமாக எப்படி நடக்க முடிந்தது என்று கேட்டேன். "நிதானமா நடந்தேன்னு எல்லாரும் சொல்றாக. ஓடத்தான் பார்த்தேன் தாயி. காலு வரல" என்றார். அதை நம்புவதா வேண்டாமா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. இப்போது பல ஆலைகளில் இழை பதித்துவிட்டேன். எந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாலும், இரண்டு கோடுகளும் சேர்ந்து துளி அசைந்தால் என் உள்ளங்கை ஈரமாகிவிடுகிறது.

இந்த வருடம் அண்ணாச்சி இறந்துபோனார். நெஞ்சுவலி. துக்கம் கேட்கத் துட்டிக்குப் போனபோது தெருமுனையில் பெரிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். சிவகாசி அச்சு, பளபளவென்று இருந்தது. படத்துக்குக் கீழே 'அச்சம் என்பதை அறியாத மாமனிதர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதன் முன்னால் தாயில்பட்டி அக்கா நின்றுகொண்டிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத எழுதுனவுகளுக்கு அவுகளத் தெரியாது போல" என்றார். "அன்னைக்கு எங்கிட்ட இன்ஸ்பெக்சன்னுதான் சொன்னாக. நான் தட்ட இறக்கி வைக்கிற வரைக்கும் வாசல்ல நின்னாகள்ல, அவுக பல்லு கடகடன்னு அடிச்சுக்கிட்டது எனக்கு உள்ள கேட்டுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, பின்னால என்ன இருக்குன்னு." முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவுக போயிருக்கலாம் தாயி. நான் மூடிய மூடி முடிக்கிற வரைக்கும், அந்தச் சத்தம் வாசல்லயேதான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு."