அரிசி டின்னில் ஒளித்த ரிமோட்

ஷாம் ஷூய் போ என்ற எங்கள் சீனப் பேட்டையில் ஒரு வீட்டைப் பலகை வைத்து ஐந்து அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுவார்கள். பலகை கூரை வரை போகாது. காற்று வேண்டும் என்று மேலே ஒரு முழம் விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி வழியாகப் பக்கத்து அறைக்காரரின் இருமல் வரும், அவர் கொதிக்கவைக்கும் இஞ்சி வாசனை வரும், அவர் புரண்டு படுக்கும் சத்தமும் வரும். டிவி சத்தமும் சேர்ந்து வந்தால் கொலைதான் விழும். ஆகையால் எல்லோரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊமைப் படம் மாதிரி டிவி பார்ப்பது அங்கே வழக்கம்.

கிட்யிங்கும் அவள் கணவர் ஷிங்கும் அப்படிப்பட்ட ஓர் அறையில் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்தார்கள். அவர் மினி பஸ் டிரைவர். அவள் ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் ஆலையில் நாளுக்கு நானூறு விரிப்பு மடிப்பவள். ஹெட்போன் இரண்டு, டிவி ஒன்று, ரிமோட் ஒன்று. சண்டைக்கு வேறென்ன வேண்டும்? அவருக்கு ஞாயிறு மதியம் குதிரைப் பந்தயம். அவளுக்குத் தினமும் இரவு ஏழு மணிக்குப் பாடி நடிக்கும் மேடை நாடகம், ஞாயிறு மதியம் அதன் மறு ஒளிபரப்பு. பத்து டாலருக்கு மேல் அவர் பந்தயம் கட்டியதில்லை. ஆனால் ஏழாம் எண் குதிரை ஓடினால் உலகமே நின்றுவிட வேண்டும்.

டிவிக்குப் பக்கத்தில், சேனல்களைப் பிடித்துத் தரும் சின்னக் கறுப்புப் பெட்டி ஷிங் வாங்கியது; அந்த ரிமோட்டும் அதனுடையதுதான். மின்சாதனக் கடைகள் நிறைந்த ஆப்லியூ தெருவில் ஒன்று வாங்கினால் இரண்டாவது பாதி விலை என்றார்கள். மலிவு என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரன் சவப்பெட்டியைக்கூட ஜோடியாக வாங்குவான். இரண்டை வாங்கி, ஒன்றை, மனைவியை இழந்து பக்கத்து அறையில் தனியாக இருந்த குவோக்கிடம் தள்ளிவிட்டார்.

போன ஜூனில் ஒரு ஞாயிறு. கிட்யிங்குக்குத் தோள் வலி. மறு ஒளிபரப்பைப் பார்த்தே தீருவது என்று ரிமோட்டை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள்.

"ரிமோட்டை எங்கடி வெச்ச?"

"எனக்கென்ன தெரியும்? உங்க ஏழாம் நம்பர் குதிரைகிட்ட கேளுங்க."

"விளையாடாத. இன்னும் கால் மணி நேரத்துல ஆரம்பிச்சிடும்."

"ஒரு ஞாயித்துக்கிழமை பார்க்கலேன்னா செத்தா போயிடுவீங்க?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பந்தயக் கடையில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினார். ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கியவர் மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தார்; அப்படியே சாய்ந்துவிட்டார். ஆள் வந்து சொன்னபோது அவள் ஹெட்போனோடு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை அரிசி டின்னைத் திறந்தபோது ரிமோட்டின் ஏழாம் எண் பொத்தான் இடுக்கில் ஓர் அரிசி சிக்கியிருந்தது. அதை அவள் எடுக்கவே இல்லை.

சாவுச் சடங்கில் எரிப்பது செத்தவருக்குப் போய்ச் சேரும் என்று அட்டையில் செய்த டிவி ஒன்று வாங்கினாள். கூடவே அட்டைப் பெட்டி, அட்டை ரிமோட், இரண்டு அட்டை ஹெட்போன் எல்லாம் ஒரே பையில் இருந்தன. வழியில் திரியும் ஆவிகள் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஷிங்கின் பெயரை எழுதி எரித்தாள். அங்கேயாவது நிம்மதியாகக் குதிரை பார்க்கட்டும் என்று அழுதாள்.

கோடை முடிந்து செப்டம்பரில் பந்தயம் மறுபடி தொடங்கியது. முதல் ஞாயிறே அது நடந்தது. அவள் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை ஒருமுறை கறுத்தது. பிறகு பச்சைப் புல்லும் குதிரைகளும். ரிமோட் அவள் மடியில் கிடந்தது. கை படவில்லை. பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறும் நடந்தது. அதற்கடுத்த ஞாயிறு குதிரைகள் வரவில்லை. அதற்கே அவள் ஏங்கிப் போனாள். நான்காம் ஞாயிறு மறுபடி வந்தன. ஒரு தட்டில் உப்புக் கடலையும் ஒரு கோப்பைத் தேநீரும் டிவி முன்னால் வைக்க ஆரம்பித்தாள். "வாங்க" என்பாள்.  மன்னிப்புக் கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்காமல் கடலைத் தட்டை நகர்த்தி வைப்பாள்.

சீனப் புத்தாண்டுக்கு முன் அறையைக் கழுவித் துடைத்தபோது, கட்டிலடியில் கிடந்த கடைப் பைக்குள் அந்த அட்டை ரிமோட் இருந்தது. ஷிங்கின் பெயர் அவள் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. எரிக்கும்போது விடுபட்டுப் போயிருந்தது.  அங்கே டிவி இருக்கிறது, பெட்டி இருக்கிறது, ரிமோட் இல்லை. இங்கேயும் ஒளித்தாள், அங்கேயும் கொடுக்காமல் விட்டாள். அதனால்தான் மனிதர் இவ்வளவு தூரம் நடந்து வருகிறார்.

உடனே எரித்திருக்க வேண்டும். அவள் எரிக்கவில்லை. எரித்தால் வரமாட்டாரே. பையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

மார்ச்சில் கறுப்புப் பெட்டிக்கு, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, படம் காட்டும் நேரத்தை விட நின்று யோசிக்கும் நேரம் அதிகமாகிவிட்டது. கை வைத்தால் அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி சூடு. பெட்டி செத்தால் அவர் எப்படி வருவார்? பயந்துபோய் ஆப்லியூ தெருவுக்கு ஓடினாள்.

கடைக்காரன் லுங் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தான். இந்தத் தெருவில் நியாயமான வியாபாரி கிடைப்பது அபூர்வம். இவன் அந்த அபூர்வப் பிறவி, ஆனால் வாய் ஓயாது.

"அக்கா, இது அறுநூறு டாலர். டிவில கேம் விளையாடுவீங்களா?"

"என் வயசுக்கு நான் மாடி ஏறுறதே விளையாட்டு."

"அப்ப வேணாம், தள்ளி வைங்க. இது நூத்தி எண்பது, உங்ககிட்ட இருக்கிற அதே பழைய மாதிரி. இது முந்நூத்தி இருபது. ரிமோட்டும் பெட்டியும் ஜோடி சேர்ந்துக்கும், வேற ரிமோட் அமுக்கினா கண்டுக்காது. சரி, பழசுல என்ன கோளாறு?"

"சூடாகுது. படம் நிக்குது." கொஞ்சம் தயங்கினாள். யாரிடமும் சொல்லாதது அது. "ஞாயித்துக்கிழமையில தானா குதிரைப் பந்தயம் போட்டுக்குது."

லுங் சிரித்தான். "பலகை ரூமா? பக்கத்து ரூம்காரர்கிட்ட இதே பெட்டி இருக்கா?"

"இருக்கு."

"அதான் விஷயம்! பழைய ரிமோட்டு வெளிச்சம் அடிக்கிற ஜாதி, அக்கா. கையைத் தூக்கி அமுக்கினா கூரையில பட்டு அந்தப் பக்கம் இறங்கிடும். அவர் உக்காந்து அமுக்குற அன்னைக்கு ஒண்ணும் ஆகாது. எழுந்து நின்னு அமுக்குனாருன்னா உங்க வீட்டுலயும் குதிரை ஓடும்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குவோக் ஹெட்போனோடு பந்தயம் பார்க்கிறவர். ஆர்வம் தாங்காமல் எழுந்து நிற்கிறவர். ஏழு மாதமாக அவள் கடலை வைத்ததும் தேநீர் வைத்ததும் அந்தக் கிழவரின் கட்டைவிரலுக்கு. அவமானம் முகத்தில் சூடாக ஏறியது. பேரம் பேசாமல் முந்நூற்று இருபதை எடுத்து நீட்டினாள். ஆப்லியூ தெரு அப்படி ஓர் அதிசயத்தை அன்றுதான் பார்த்திருக்கும்.

புதுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் குவோக் அறைக்குப் போனாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும். கதவு திறந்திருந்தது. எழுபத்திரண்டு வயதுக் கிழவர் சட்டையை மாற்றி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டிவி முன்னால் அவர் மனைவியின் படம். பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீர், அதிலிருந்து ஆவி வந்தது.

"வா தங்கச்சி. சத்தம் போடாத. இன்னும் பத்து நிமிஷம்தான், அவ வந்துருவா."

"யாரு அண்ணே?"

"வேற யாரு, எம் பொண்டாட்டிதான். வெளியில சொல்லிடாத, கிழவனுக்கு மூளை கலங்கிடுச்சும்பாங்க. நான் எந்தச் சேனல்ல இருந்தாலும் சரி, ஏழு மணிக்கு நாடகத்துக்கு மாத்திடுறா. அவ இருந்தவரைக்கும் ஒரு நாள் பார்க்க விட்டேனா? இதென்ன பூனைக் கத்தல்னு திட்டுவேன். பாவி நான். இப்ப அவதான் ஜெயிக்கிறா. நானும் முழுசா பார்த்துட்டுத்தான் படுக்கிறேன்."

கிட்யிங் ராத்திரியில் அடுக்குக் கட்டிலின் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு டிவி பார்ப்பவள். அங்கிருந்து கை நீட்டினால் பலகையின் விளிம்பைத் தொடலாம். தினமும் ஏழு மணிக்கு அங்கிருந்துதான் நாடகச் சேனலை அமுக்குகிறாள்.

"கையில என்ன, பெட்டியா? புதுசா?"

"ஆமாம் அண்ணே. மாத்தலாமான்னு ஒரு யோசனை. பார்க்கணும்."

கேட்க வந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அறைக்கு வந்து புதுப் பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தாள். பழையதைப் போட்டாள்; நல்லவேளையாக உயிர் இருந்தது. மேல் கட்டிலில் ஏறி, சரியாக ஏழு மணிக்குக் கையை உயர்த்தி அமுக்கினாள். ஹெட்போன் மாட்டவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு கிழவரின் குரல், மிக மெதுவாக:

"வந்துட்டியா?"

அவளுக்கு அந்தக் கேள்விக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

மறுநாள் லுங் கடையில் முந்நூற்று இருபதைத் திருப்பி வைத்தாள்.

"நூத்தி எண்பதையே குடு, தம்பி."

"அக்கா, அதுலதான் பக்கத்து ரூம் தொல்லை வரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அந்தத் தொல்லையோடதான் வேணும்."

"வியாபாரத்துல இருபது வருஷம், இப்படி ஒரு கிராக்கியைப் பார்த்ததில்ல" என்று தலையிலடித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தான்.

புதிதாக வாங்கிய பழைய மாதிரியிலும் ஞாயிறன்று குதிரைகள் வந்தன. குவோக்கின் கை என்று அவளுக்கு இப்போது தெரியும். தெரிந்து என்ன? குதிரைகள் வந்ததும் "வாங்க" என்றுதான் அவள் வாய் சொன்னது. கடலைத் தட்டை நிறுத்தவும் மனசு வரவில்லை. தலையணைக்கு அடியில் அட்டை ரிமோட் உறுத்திக்கொண்டே இருந்தது. குவோக்கின் மனைவி அவரைத் தேடி வருகிறாளாம். தன் கணவர் ரிமோட் இல்லாத குறைக்காக வருகிறார் என்றால், அது வருவதா, கட்டி இழுப்பதா? உயிரோடு இருந்தபோது ஒளித்தது ஒரு மதியம். செத்த பிறகு மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருக்கிறாள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அவளையே பிடிக்கவில்லை.

ஏப்ரலில், செத்தவர்களின் கல்லறையைப் பெருக்கிப் படையல் வைக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையிலேயே மலைக்குப் போய், ஷிங்கின் அஸ்தி மாடத்தின் முன்னால் பொரித்த பன்றி இறைச்சியும் ஆரஞ்சும் வைத்தாள். எரிக்கும் தொட்டியருகே அட்டை ரிமோட்டை எடுத்தாள். பெயர் மங்கியிருந்தது, அதன் மேலேயே மறுபடி எழுதினாள்.

"இந்தாங்க. நான்தான் ஒளிச்சு வெச்சேன். ரெண்டு தடவையும் நான்தான்" என்றாள். பத்து மாதமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது. அட்டை நொடியில் சுருண்டு கறுத்தது.

வீடு திரும்பியபோது குவோக் அறை பூட்டியிருந்தது. அவரும் மனைவியின் கல்லறைக்குப் போயிருந்தார். படகில் போய் வரவேண்டிய தீவு, இருட்டிய பிறகுதான் திரும்புவார். கிட்யிங் கடலையும் தேநீரும் வைத்தாள். நாடக மறு ஒளிபரப்பு ஓடியது. பந்தய நேரம் வந்தது. திரை மாறவில்லை. மாறாது என்று அவளுக்குத் தெரியும். அமுக்கக் குவோக்கும் இல்லை, ஷிங்குக்கு ரிமோட்டும் போய்விட்டது; இரண்டு வகையிலும் தெரியும். ஆனாலும் திரை கறுக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தேநீர் ஆறிப்போனது. அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஷிங் போன பிறகு அது அவளுக்கு அன்றுதான் முழுசாகத் தெரிந்தது.

ரிமோட்டை எடுத்தாள். புதுப் பெட்டியோடு வந்த ரிமோட் அல்ல. பொத்தான் இடுக்கில் அரிசி சிக்கிய பழையது. ஒரே மாதிரி என்பதால் அதுவும் வேலை செய்யும். கையை நீட்டி அவளே பந்தயச் சேனலை அமுக்கினாள். அவருடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குதிரைகள் ஓட்டம் தொடங்கும் கதவுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தன.

"அடுத்த ஓட்டம் ஆரம்பிக்கல. இன்னும் நேரம் இருக்கு, உக்காருங்க" என்றாள்.

ஏழாம் எண் குதிரை எல்லாவற்றுக்கும் பின்னால் கடைசியாக வந்தது. அவள் முழுவதும் பார்த்தாள்.