புதன்கிழமை போன்

புதன்கிழமை காலையில் அந்தத் தொகுதியில் யாருடைய போன் அடித்தாலும், எடுப்பதற்கு முன் எண்ணைப் பார்ப்பார்கள். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்து எண்ணாக இருந்துவிட்டால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் காதில் வைப்பார்கள். "இல்லக்கா" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜாடை காட்டுவார்கள். மறுமுனையிலிருந்து குரல் வரும்: "வணக்கங்க. நீங்க கேட்டது நடக்கலைங்க."

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அது அவளுடைய வாக்காளர் அட்டையில் பத்திரமாக இருந்தது. மற்றபடி தாத்தா வயதுக்காரர்களுக்கும் அவள் இல்லக்காதான். முடியாத காரியங்களை முடியாது என்று போன் போட்டுச் சொல்வது அவளுடைய உத்தியோகம்.

இப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் உண்டா என்றால், உறுப்பினரின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரே அண்ணன் என்று கூப்பிடும் அந்த மனிதர் உழைப்பில் குறை வைக்காதவர். சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். சாக்கடை அடைப்பிலிருந்து மாமியார் மருமகள் சண்டை வரைக்கும் காது கொடுத்துக் கேட்பார். பாதிக்கு மேல் ஓடியாடி முடித்தும் கொடுப்பார். ஆனால் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல மட்டும் அவருக்கு நாக்கு எழாது. "பார்க்கலாம்" என்பார். சிரித்துக்கொண்டே, தோளைத் தட்டிக்கொண்டே சொல்வார். நிலாவில் வீட்டுமனை கேட்டாலும் பார்க்கலாம்தான். கேட்டவர் தலைகால் புரியாமல் வீட்டுக்குப் போவார். பிறகு மாதக்கணக்கில் வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பார்.

அவள் அதற்கு முன் ஒரு பெரிய மருத்துவமனையில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அப்போது உறுப்பினர் ஆகவில்லை. தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தார். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டால் ஆளாளுக்கு "இதோ வந்துடுவார்" என்றார்கள். மதியம் பணிக்கு வந்த இவள், கேட்ட மாத்திரத்தில் சொன்னாள்: "டாக்டர் இன்னைக்கு வரமாட்டாருங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க. நாளைக்கு முதல் டோக்கன் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை, உயிர் வந்தது. தேர்தலில் ஜெயித்த கையோடு அதே ஜன்னலில் வந்து நின்றார். "எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராத வேலை ஒண்ணு உனக்கு வருதும்மா. வந்து செய்து குடேன்."

வந்தாள். பழைய சைக்கிள் கடை ஒன்று அலுவலகமாகியிருந்தது. ஷட்டரைத் தூக்கினால் இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர் கேன், ஒரே பக்கமாகத் திரும்பி நின்றுவிட்ட சுவர் ஃபேன். காற்று வேண்டும் என்பவர்கள் அந்த மூலையில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். நடந்த காரியங்களை அண்ணனே போன் போட்டுச் சொல்லிவிடுவார். நடக்காதவை இவள் பங்கு. நல்ல பேர் அவருக்கு, திட்டு இவளுக்கு. இதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. திட்டுகிறவர் மூச்சு வாங்கும்வரை ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு ஒரு வாய் தேநீர் குடிப்பாள். பிறகு எடுத்து, "சொல்லுங்க, அப்புறம்?" என்பாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் வாக்கியத்திலேயே இல்லை வந்துவிட வேண்டும். "சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு இல்லன்னு சொன்னா, அடுத்த தடவை யாரு சாப்பிட்டீங்களான்னு கேட்டாலும் அவங்களுக்கு வயித்தைக் கலக்கும்" என்பாள். அதற்குப் பிறகுதான் காரணம். கடைசியில், வேறு என்ன வழி இருக்கிறது என்பது. மூன்றாவது இல்லாமல் அவள் போனை வைத்ததே கிடையாது. திட்டிய ஆட்களே அடுத்த வாரம் வந்து, "நீ சொன்ன வழியில போய் முடிச்சிட்டேன்" என்று அசடு வழிவார்கள். நாளடைவில் தொகுதிக்கே ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டது. புதன்கிழமை போன் வந்தால் காரியம் செத்தது, வராவிட்டால் உயிரோடு இருக்கிறது.

ஊருக்கெல்லாம் இல்லை சொன்ன மகராசி, தான் மட்டும் ஒரு பார்க்கலாமை நம்பி வாழ்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் தொலைவில் ஒரு ஊர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சனிக்கிழமை இருட்டிய பிறகு வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவான். மகள் பள்ளிக்கூடத்தில் "எங்க அப்பா ஞாயித்துக்கிழமை அப்பா" என்று சொல்லி வைத்திருந்தாள். உள்ளூர் டிப்போவுக்கு இடமாற்றம் வாங்கித் தாருங்கள் என்று அவள் அண்ணனிடம் கேட்டிருந்தாள். "பார்க்கலாம்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே இடமாற்றம் வந்த பிறகுதான். துணி துவைக்கும் மெஷின், புதுக் கட்டில், மகளுக்கு ஒரு மேஜை, எல்லாம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான், வேறென்ன.

தேர்தல் நெருங்கிய சமயம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை துறைப் பொறியாளரிடமிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. தண்டவாளத்துக்கு மேல் கட்டுவதாக இருந்த நடைபாலம் கைவிடப்பட்டது. இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷமும் சந்தேகம்தான்.

அவளுக்குப் பகீரென்றது. தண்டவாளத்தின் இந்தப் பக்கத் தெருவில்தான் அவளுடைய அக்கா குடியிருந்தாள். அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம். பாலம் வருகிறது என்ற நம்பிக்கையில் தெருவே தன் பிள்ளைகளை அங்கே சேர்க்கக் காத்திருந்தது, அக்கா மகள் உட்பட. பாலம் இல்லையென்றால் பிள்ளைகள் தினமும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைத்தெருவில் இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கிறது, பஸ்ஸில் போகலாம். ஆனால் அங்கே சேர்க்கை வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது.

அந்த வாரம் கட்சிச் செயலாளர் அலுவலகத்திலேயே பழியாகக் கிடந்தார். விஷயம் காதில் விழுந்ததும் ஓடி வந்தார். "இந்த இல்லையைத் தேர்தல் முடியுற வரைக்கும் வாய்க்குள்ளேயே வைம்மா. தெருவுல அத்தனை ஓட்டு."

"பிள்ளைங்க தண்டவாளத்துல ஏறி இறங்குமேங்க."

"அதெல்லாம் பெத்தவங்க பார்த்துப்பாங்க."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஃபேனைப் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் காலை அவள் வந்தபோது மேஜையில் போன் இல்லை. செயலாளர் அதைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனிதர் பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைத்தார். ஆனால் அன்று ஒருவருக்கும் போன் போகவில்லை. விளைவு, கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டதாகத் தொகுதி முழுக்கச் சந்தோஷம். மதியத்துக்குள் நடக்காத வேலைக்கு நன்றி சொல்ல ஆள் மேல் ஆள் வந்தார்கள். தெருவிளக்கு கேட்டவர் மாலையோடு வந்து செயலாளர் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனார். அவர் அதைக் கழற்றவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் திருதிருவென்று விழித்தார்.

அக்கா அவளுடைய கைப்பேசிக்குக் கூப்பிட்டாள். "ஏய், பாலம் வருதாமேடி! போனே வரலையே!"

"வரலக்கா. பாலம் கிடையாது. கடைத்தெருப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடு. தெருவுலயும் சொல்லு."

சாயங்காலம் அக்கா மறுபடி கூப்பிட்டாள். குரலில் சுரத்தே இல்லை. "சொன்னேன்டி. அக்காவும் தங்கச்சியும் எதிர்க்கட்சிக்குப் போயிட்டீங்களான்னு கேக்குறாங்க. உன் செயலாளர் வேற வந்து, பாலம் கண்டிப்பா வரும்னு சொல்லிட்டுப் போயிருக்கார். ஆபீஸ் போன் வரலல்ல, அப்போ வருதுன்னுதான் அர்த்தம்ங்கிறாங்க. நீ சொல்லிக் குடுத்த கணக்குதானே?"

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தான் இத்தனை நாள் சேர்த்து வைத்த நம்பிக்கையை வைத்தே தெருவின் கண்ணைக் கட்டிவிட்டார்களே என்றிருந்தது. இதை இனி தான் சொல்லி எடுபடாது என்றும் தெரிந்தது. ஆனால் சனிக்கிழமை நாற்காலி எந்தத் தெருவில் போடுவது என்பது அவள் பொறுப்பு. அந்தச் சாவி யார் இடுப்பிலும் இல்லை.

சனிக்கிழமை வண்டி தண்டவாளத் தெருவுக்குத் திரும்பியதும் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "ஏம்மா, இங்கயா?"

"இங்கதாண்ணே. இன்னைக்கு நீங்கதான் சொல்லணும்."

"நீயே சொல்லேன்மா. உனக்குத்தான் அது அழகா வரும்."

"நான் சொன்னா என்னைத் திட்டுவாங்க. அவங்களுக்கு இன்னைக்கு உங்களைத் திட்டணும்ணே."

இஸ்திரிக் கடை நிழலில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. தெருவே திரண்டிருந்தது. பின்னாலேயே வந்த செயலாளர் வாயெல்லாம் பல்லாக நின்றார். முதலில் எழுந்தது அக்காதான். தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்ணனிடம் திரும்பினாள்.

"அண்ணே, என் பொண்ணை எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கட்டும்? பாலம் வருமா வராதா?"

"பார்க்…" என்று ஆரம்பித்த அண்ணன், இல்லக்காவைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. பேச்சு நின்றது. தண்டவாள ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, ரயில் கிளப்பிய புழுதியில் கண்ணை மூடி நின்றார்கள். கடைசிப் பெட்டி போய் முடியும்வரை அண்ணன் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராதுங்க" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "பாலம் வராது. செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். சொல்ல எனக்குத் தைரியம் வரலை."

பிறகு நடந்தது அர்ச்சனைதான். தெரு அவரை வாங்கு வாங்கென்று வாங்கியது. செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். அண்ணன் தலையைக் குனிந்து அத்தனையும் கேட்டுக்கொண்டார். மூச்சு வாங்க ஓர் இடைவெளி விழுந்தபோது நிமிர்ந்தார். "திட்டினது போதாதுன்னா இன்னும் திட்டுங்க. ஆனா திங்கட்கிழமைக்குள்ள வேலை இருக்கு." அங்கேயே கடைத்தெருப் பள்ளித் தலைமையாசிரியையைப் போனில் பிடித்தார். இடம் இருக்கிறது என்றார் அந்த அம்மாள். காலை பஸ்ஸை இந்தத் தெரு வழியாக விட முடியுமா என்று டிப்போவிலும் கேட்டார். அங்கே முடியும் என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அக்கா கிட்டே வந்தாள். "இப்பவாவது வாயைத் திறந்தீங்களே அண்ணே" என்று சொல்லிவிட்டு, திட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த மிச்சத்தை முழுங்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அண்ணன் லேசாகச் சிரித்தார். "இவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டும் பாரம் இறங்கினாப்ல இருக்கும்மா."

இதற்கு மேல் நல்ல நேரம் வராது என்று அவளுக்குப் பட்டது. "என் வீட்டுக்காரர் விஷயம் என்னாச்சுண்ணே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்க்கலாம் என்று வரும் என எதிர்பார்த்தாள். வரவில்லை. "புதன்கிழமை சொல்றேம்மா" என்றார். புதன்கிழமைக்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் அவள்.

புதன்கிழமை காலை போன் பழையபடி மேஜைக்கு வந்திருந்தது. அவள் கை வைப்பதற்கு முன் அதுவே அடித்தது. அண்ணனின் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. குரல் காதிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது.

"இடமாற்றம் கிடைக்காதும்மா. நீ கேட்ட வருஷமே சொல்லிட்டாங்க. இங்க இடம் இல்ல, வரப்போறதும் இல்ல. எனக்கு அப்பவே தெரியும். சொன்னா நீ உன் வீட்டுக்காரர் ஊருக்கே போயிடுவேன்னு… வேற வழி என்னன்னா, அந்த ஊர் மருத்துவமனையில விசாரணைக்கு ஆள் தேடுறாங்க. நான் பேசிட்டேன். உன் ஜன்னல் தயாரா இருக்கும்மா."

முதல் வாக்கியத்தில் இல்லை, பிறகு காரணம், கடைசியில் வழி. பிசகாமல் அவள் முறையேதான். அவளுக்கு அழுகை வந்தது. எத்தனை வருஷங்களைத் தின்றுவிட்டார் இந்த மனுஷர் என்று கோபமும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வாய் தேநீர் குடித்து, கைப்பேசியில் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"இடமாற்றம் கிடையாது. அங்கயே வீடு பாருங்க, நாங்க வர்றோம். துணி துவைக்கிற மெஷின் வைக்க இடம் இருக்குற வீடாப் பாருங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. அண்ணன் திட்டு வாங்கத் தயாராக வந்து நின்றார். திட்டு வராததால் அவருக்கு அசட்டு நம்பிக்கை பிறந்தது.

"தேர்தல் வரைக்குமாவது இருந்துட்டுப் போயேன்மா?"

"இல்லண்ணே" என்றாள் அவள். "என் பொண்ணுக்கு எல்லா நாளும் அப்பா வேணும்." பிறகு போனை மேஜையின் மறுபக்கம், அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள். "இன்னைக்குப் போட வேண்டியது நிறைய இருக்கு. முதல்ல அந்தத் தெருவிளக்குக்காரர். மாலை வேற போட்டுட்டுப் போயிருக்கார் பாவம், சீக்கிரம் சொல்லுங்க."