பதினொன்று புள்ளி நான்கு

விருதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் கம்பெனிக் காகிதங்களோடு நின்றிருந்தபோது செய்தி வந்தது. பேசியவர் எங்கள் வாட்ச்மேன். "சார், மருந்து ரூம் வெடிச்சுப் போச்சு. பொம்பளையாளுக ஆறு பேரும் வெளிய வந்துட்டாக. செல்வியக்கா வரல." எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

முத்துச்செல்வியை உங்களில் பலர் அறிவீர்கள். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, எம். புதுப்பட்டி பக்கம் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் சூபர்வைசராக இருந்தவர். நான் போர்மேன், அவரைவிட இருபது வயது மூத்தவன். வெயில் ஏறினால் மருந்து கலக்கக் கூடாது. எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதைக் குத்துமதிப்பாகத்தான் முடிவு செய்துவந்தோம். செல்வி வந்து அதை மாற்றினார். எட்டு, ஒன்பது, பத்து மணிக்கு அறையின் வெப்பத்தைக் குறித்து, ஆபீஸில் வைத்துப் போனில் உள்ள வரைபட ஆப்பில் ஏற்றுவார். அந்தப் புள்ளிகள் வழியாக ஒரு வளைகோடு போகும். எங்கள் வரம்பான முப்பத்தாறு டிகிரிக்கு ஒரு நேர்கோடு போடுவார். இரண்டும் வெட்டும் இடத்தைத் தொட்டால் மணியும் டிகிரியும் அடைப்புக்குறிக்குள் வந்து நிற்கும். அந்த மணியை மருந்து அறைக்கு வெளியே உள்ள பலகையில் எழுதுவார். எழுதிய நேரத்துக்கு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

ஒருநாள் நான் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, "பன்னெண்டு ஆகும்மா" என்றேன். "கண்ணு சொல்றத நம்பாதீக சார். புள்ளியத் தொட்டுக் கேளுங்க, அதுவே சொல்லும்" என்றார். தொட்டேன். புள்ளி நழுவி எங்கேயோ ஓடியது. "எம்புட்டுப் பெரிய விரலு! உங்களுக்குப் படத்தப் பெருசாக்கித்தான் தொடணும்" என்றார். ஆபீஸே சிரித்தது. விடுவேனா? நானும் கற்றுக்கொண்டேன். படுபாவி நான், எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெடித்த அன்று செல்வி தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டுத் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தார். நானே வெப்ப அளவுகளை ஆப்பில் ஏற்றி, நானே புள்ளியைத் தொட்டேன். 11.4 என்று வந்தது. பலகையில் 11.40 என்று எழுதிவிட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

கம்பெனி கேட்டிலிருந்து செல்வி போன் செய்தார். "சார், போர்டுல பதினொன்னு நாப்பதுன்னு எழுதுனது நீங்களா?"

"ஆமாம்மா, ஆப்புல அப்படித்தான வந்துச்சு?"

"ஐயோ சார்! புள்ளிக்குப் பின்னால வர்றது நிமிசம் இல்ல. ஒரு மணி நேரத்துல பத்துல நாலு பங்கு. பதினொன்னு இருவத்தி நாலு! இப்பவே பதினொன்னரை ஆச்சே!"

போன் கட்டாகிவிட்டது. மருந்து அறைக்கு ஓடியிருக்கிறார். ஆறு பேரையும் வெளியே அனுப்பியிருக்கிறார். எல்லோரையும் முன்னால் அனுப்பியவருக்குத் தான் வெளியே வர நேரமில்லை.

வெடித்ததற்குக் காரணம் உராய்வு என்றார்கள். இருக்கலாம். ஆனால் நான் ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த அறை காலியாக இருந்திருக்கும். யார் என்ன சமாதானம் சொன்னாலும் அது மாறப்போவதில்லை.

இதைவிடக் கேவலம் பிறகு நடந்தது. டீக்கடையில் பேச்சு கிளம்பியது: "மணி போடுறது அந்தப் புள்ளதான? படிச்ச புள்ள, கணக்குத் தப்பிருச்சு. அதுக்கே வினையா முடிஞ்சிருச்சு." நான் டீயும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். காரியம் முடியும்வரை ஊமையாகவே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவர் கணவரைப் பார்த்து, பலகையில் எழுதியது நான்தான் என்றேன். அவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர்.

"தெரியும்ணே. பலகையப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புனாகள்ல? அவ எழுத்து எனக்குத் தெரியாதா? நீங்களா வாயத் தெறப்பீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஸ்கூல்ல எம்பிள்ளைகிட்ட, ஒங்கம்மா கணக்குத் தப்பாமேன்னு கேக்காகளாம்ணே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதோடு தீர்ந்தது என்று எழுந்து வந்திருப்பேன்.

அதனால் ஊரறியச் சொல்கிறேன். செல்வி போட்ட கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அந்தப் பிள்ளையிடம் யாரும் இனி அப்படிக் கேட்காதீர்கள். என்னிடம் வந்து கேளுங்கள். அவருடையது என்று என்னிடம் இருப்பது, இருபத்து நாலுக்கும் நாற்பதுக்கும் நடுவே உள்ள அந்தப் பதினாறு நிமிடம். அவர் கொடுத்ததல்ல, நான் எடுத்தது.