குடைத் துணிக் கொடிகள்

சம்பள உயர்வு கேட்டு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு அடைமழை நாளில் கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் மண்மேடு சரிந்து என்மேல் விழுந்தது. அதிலிருந்து அண்ணன் வீட்டில், லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலோரம், பலகைக் கட்டிலில்தான் என் வாழ்க்கை. கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன்.

வேலைநிறுத்த நாட்களில் எல்லாரும் காலையிலேயே பெல்மதுளைக்குப் போகும் ரோட்டில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். லயம் வெறிச்சென்று கிடக்கும். கோஷம் போடுவது மேட்டைத் தாண்டி எனக்குக் கேட்கும். வார்த்தை புரியாது, இரைச்சல்தான் வரும். நானும் அந்த மலையில் கொழுந்து பறித்தவள். என் முதுகு போனதும் அங்கேதான். ஆனாலும் என்னை வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே.

லயங்களில் கறுப்புக் கொடி கட்டுவது என்று தீர்மானமானது. துணிக்கு எங்கே போவது என்று அண்ணன் யோசித்தான். அது போர்க்காலம். டவுன் கடையில் தமிழன் ஒருவன் மொத்தமாகக் கறுப்புத் துணி கேட்டால் சும்மா விடமாட்டார்கள். வீட்டுக்கு வீடு போய்க் கிழிந்த குடைகளை வாங்கி வரச் சொன்னேன். கம்பி ஒடிந்த குடை இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? துணியை உரித்து, துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தேன். மெஷினில் பிடிமானம் இல்லாமல் வழுக்கும் துணி அது. தோள் வலிக்க வலிக்கச் சுற்றினேன். எங்கள் கூரையில் கட்டிய கொடியை நான் படுத்தபடியே பார்க்கும்படி அண்ணன் ஓரமாக நகர்த்திக் கட்டினான். காற்றில் அது அடித்துக்கொண்டதைப் பார்த்தபோது நானும் ரோட்டில் உட்கார்ந்திருப்பதாகவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் எல்லாரும் திரும்பிய நேரத்தில், பொலிஸ் ஜீப் வந்தது. கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்த குடைக் கம்பிகளைப் பார்த்த ஒரு பொலிஸ்காரர், யார் தைத்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவர் தடியால் என் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பொரு கியன்ட எப்பா" என்றார். பொய் சொல்லாதே.

வேண்டுமானால் தைத்துக் காட்டுகிறேன் என்றேன். அதற்குள் அண்ணன் குறுக்கே வந்துவிட்டான். அது சீக்காளி, ஏதோ உளறுகிறது, தைத்தது நான்தான் என்று சொன்னான். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணி ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். நான் கட்டிலிலிருந்து விழுந்து, கையை ஊன்றி வாசல்வரை இழுத்துக்கொண்டு போனேன். அதற்குமேல் படி.

வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டதில் ஏதோ கொஞ்சம் கிடைத்ததாம். எல்லாரும் வேலைக்குப் போனார்கள். அண்ணன் வரவில்லை. அண்ணி எனக்குச் சோறு போட்டாள், உடம்பு துடைத்துவிட்டாள், பேசத்தான் இல்லை. தலை வாரிவிடும்போது ஒரே ஒருநாள் சொன்னாள்.

"நீ சும்மா கெடந்திருக்கலாம்ல."

சும்மா கிடப்பது எப்படியிருக்கும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

அண்ணனை விட்டபோது அவன் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாமல் போனதால் தேயிலை இஸ்டோரில் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். நடந்ததை அவன் யாரிடமும் பேசவில்லை. மாதக்கணக்கில் கழித்து, அண்ணி இல்லாத ஒரு மத்தியானம், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஊசியும் நூலும் குடுத்து, தச்சுக் காட்டுடான்னாங்க. எனக்கு நூலே கோக்க வரல."

"அப்பவாவது நான்னு சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"சொன்னேன். அடி தாங்க முடியாம சொல்லிட்டேன். அதையும் நம்பல. அந்த நொண்டி மேல பழி போடுறியான்னு அதுக்கும் அடிச்சாங்க."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. நான் செய்ததை நான் செய்ததாக ஒருவனாவது அங்கே சொல்லியிருக்கிறான்.

"சொன்னது நெசந்தானே அண்ணே" என்றேன்.

பிறகு ஒரு வருடம் மறுபடி சம்பளப் போராட்டம் வந்தது. சங்கத்துத் தலைவர் வாசலில் நின்று, என்னால் கொடி தைக்க முடியுமா என்று அண்ணியிடம் கேட்டார். முடியாது என்றாள். நான் தைக்கிறேன், துணியைக் கொடுங்கள் என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னேன். அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார்.