மூட்டைக்கு இரண்டு கிலோ

என் மகள் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அவளுடைய கணக்கு நோட்டில் பெரிதாக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. கேள்வி சாதாரணமானது. ஒரு மூட்டையில் ஐம்பது கிலோ வெங்காயம் என்றால் பன்னிரண்டு மூட்டையில் எவ்வளவு? அவள் 576 என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதை அடித்துவிட்டு 600 என்று எழுதியிருந்தார்.

"அப்பா, டீச்சருக்குக் கழிவு தெரியலப்பா" என்றாள்.

நான் திண்டுக்கல்லில் ஒரு வெங்காயக் கமிஷன் கடையில் எடைக்காரன். விவசாயி கொண்டுவரும் சின்ன வெங்காய மூட்டையைத் தராசில் ஏற்றி எடையைச் சத்தமாகச் சொல்வது என் வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறேன். சாக்கின் எடையைத் தனியாகக் கழித்துவிடுவோம். அதற்கும் மேலே மூட்டைக்கு இரண்டு கிலோ குறைத்துச் சொல்வோம். எங்கள் கடையில் அதற்குத்தான் கழிவு என்று பெயர். மண் இருக்கும், தோல் உதிரும், ஈரம் வற்றும் என்று காரணம் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு அப்படிச் சொன்னார்கள், நானும் விவசாயிகளிடம் அதையே சொன்னேன். லீவு நாட்களில் மகள் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். தராசு ஐம்பது காட்டினால் அப்பா நாற்பத்தெட்டு என்பார். அவளுக்கு அதுதான் கணக்கு.

திருத்தி எழுத மாட்டேன் என்று வகுப்பில் அடம்பிடித்திருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். எனக்குக் கோபம். என் மகள் செய்ததில் தப்பே இல்லை என்றுதான் நினைத்தேன். சட்டையில் வெங்காயச் சருகோடு அப்படியே போய் நின்றேன்.

"ஒரு நாள் கடைக்கு வந்து பாருங்க டீச்சர். எவன் ஐம்பதுக்கு ஐம்பது எடுக்குறான்?"

"கேள்வியில இல்லாததைக் கழிக்கக் கூடாதுல்ல? அம்புட்டுதான் நான் சொன்னது. சரி, அது ஏன் ரெண்டு கிலோ?"

"மண்ணு, தோலு, ஈரம்."

"அளந்து பாத்தீங்களா?"

"அளக்குறதுதான் டீச்சர் என் சோலியே."

"மூட்டையை அளக்குறீங்க. கழிவை அளந்தீங்களா?"

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் பக்கம் திரும்பி, "இப்ப 600ன்னு திருத்தி எழுது. ரெண்டு கிலோ சரியான்னு வீட்டுல அளந்து பாரு. அடுத்த வாரம் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல சார்ட்டா ஒட்டிருவோம்" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள்.

வண்டியை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தாடிக்கொம்புப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அதில் இரண்டு பேருடைய அப்பாக்கள் எங்கள் கடைக்குத்தான் வெங்காயம் கொண்டுவருகிறவர்கள். கூட்டத்துக்கு வருவார்கள். சார்ட்டில் இரண்டு கிலோ என்று வந்தால் வம்பில்லை. குறைவாக வந்தால் மீதி எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள். அது முதலாளி காதுக்குப் போனால் என் வேலை போகும்.

கடையில் சும்மா கிடந்த பழைய சின்னத் தராசைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தேன். கிராம் கணக்கில் காட்டும். கடையிலிருந்து கொண்டுவந்த புது வெங்காயத்தில் சரியாக ஒரு கிலோ எடுத்து முறத்தில் கொட்டினாள். மண்ணையும் உதிர்ந்த தோலையும் புடைத்து எடுத்தாள். ஆறு கிராம். மீதி 994. தினமும் சாயங்காலம் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். எங்களுக்கு ஒரு பாடத்துக்கும் இன்னொரு பாடத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. கணக்கு வாத்தியார் கணக்குக்கு அடித்தார், அறிவியல் வாத்தியார் அறிவியலுக்கு அடித்தார். இவள் எல்லாவற்றையும் அந்த ஒரு முறத்தில் கொட்டினாள். ஈரம் ஏன் காற்றில் போகிறது என்று அறிவியல் நோட்டில் எழுதினாள். சந்தையில் வாங்குபவர், விற்பவர் என்று சமூக அறிவியலில் ஒரு பாடம் வந்தது. அதில் எடை போடுகிறவர் யார் பக்கம் என்று கேட்டாள். "சாப்பாட்டைச் சாப்பிடு" என்றேன். தமிழ் நோட்டில் அப்பாவின் தொழில் பற்றி ஒரு கட்டுரை. என் அப்பா சரியாக எடை போடுவார் என்பது அதன் முதல் வரி. ஆங்கில நோட்டிலும் ஐந்து வரி எழுதியிருந்தாள். பாதிதான் எனக்குப் புரிந்தது. புரிந்த வரைக்கும் போதும் என்று மூடி வைத்துவிட்டேன்.

முறத்திலிருந்த வெங்காயம் நாளைக்கு ஒரு கிராம், சில நாள் இரண்டு கிராம் குறைந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் 987. ஐம்பது கிலோவுக்கு இரண்டு கிலோ என்றால் ஒரு கிலோவுக்கு நாற்பது கிராம். 960க்கு வர வேண்டும். அது வரவே வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் பதினான்கு வருடமாகவே தெரியும்.

ஏழாம் நாள் காலையில் மகள் குளிக்கப் போயிருந்தபோது முறத்திலிருந்து மூன்று வெங்காயத்தை எடுத்தேன். ஒன்று எட்டு கிராம் இருக்கும், மூன்று போதும் என்று கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன். கடையில் பழைய சோற்றுக்கு அதையே கடித்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளையின் பாடத்தில் திருடியவன் நான். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

சாயங்காலம் நான் வீடு வந்தபோது அவள் தராசின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். 961 காட்டியது.

"அம்மா! முறத்துல இருந்து வெங்காயம் எடுத்தியா?"

"ஆமா, உன் வெங்காயத்தை எடுத்துத்தான் நான் குழம்பு வைக்கப் போறேன். கூடையில இம்புட்டுக் கிடக்கு, அதை உரிக்கவே ஆளைக் காணோம்" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"நேத்து வரைக்கும் ஒண்ணு ரெண்டாத்தான் குறைஞ்சுச்சு. இன்னிக்கு மட்டும் எப்படி இருபத்தாறு கிராம்?"

"வெயில் சாஸ்தி" என்றேன் நான்.

அவள் வெங்காயத்தை எண்ண ஆரம்பித்தாள். முதல் நாளே எண்ணி 118 என்று நோட்டில் எழுதி வைத்திருந்திருக்கிறாள். சோதனையில் எது மாறக் கூடாதோ அதை முதலில் குறித்து வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். இப்போது 115 இருந்தது.

"மூணு காணோம். அம்மா, உண்மையைச் சொல்லு."

"ஏட்டி, என்னையத் திருடிங்கிறியா? உங்கப்பன் தலையில சத்தியமா நான் எடுக்கல."

என் தலையில் சத்தியம் செய்தபோது நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் எடுத்தேன்."

"எதுக்குப்பா?"

"நாப்பது கிராம் வரணும்னு."

"எங்க இப்ப அது? திரும்ப வச்சிருவோம்."

"தின்னுட்டேன்."

மனைவி கரண்டியோடு வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கூறு இருக்கா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுபடி ஏழு நாள் காத்திருக்க நேரமில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வகுத்தல் கணக்குப் போட்டாள். 961ஐ 115ஆல் வகுத்தால் ஒரு வெங்காயத்துக்கு எட்டு கிராமும் கொஞ்சமும் வந்தது. சராசரி என்று அந்த மாதம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூன்று வெங்காயத்துக்கு இருபத்தைந்து கிராம். கூட்டினால் 986. நேற்று 987, இன்று 986. நான் தின்றதையும் என் வயிற்றிலிருந்து வெளியே எடுத்து எடை போட்டுவிட்டாள்.

"கிலோவுக்குப் பதினாலு கிராம்ப்பா. மூட்டைக்கு எழுநூறு கிராம்தான் வருது. எழுதிரவா?"

அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் எழுதாமல் விட்டிருப்பாள். அப்புறம் என்னை எப்படிப் பார்த்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

"எழுது" என்றேன். "நான் மூணைத் தின்னதையும் சேத்து எழுது. இல்லாட்டி கணக்கு இடிக்கும்."

சனிக்கிழமை அந்தச் சார்ட்டைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். மூன்று வெங்காயத்தை அப்பா சாப்பிட்டுவிட்டார் என்று பச்சை மையில் எழுதியிருந்ததே! எங்கள் கடைக்கு வரும் விவசாயி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்து இரண்டு முறை படித்தார்.

"எடைக்காரரே, எழுநூறு கிராம்னு போட்டிருக்கு. அப்ப மீதி?"

மகள் என் பக்கத்திலேயே நின்றாள்.

"மீதி கடைக்குப் போகுது" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா அப்பு? நீரு வாயத் தொறந்து சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன்."

திங்கட்கிழமை அவர் பத்து மூட்டையோடு வந்து, என் மகளின் சார்ட்டைச் சொல்லி, முதலாளி முன்னாலேயே அரைக் கிலோவுக்கு மேல் கழிவு விட மாட்டேன் என்றார். இரண்டு பேரும் கத்தி ஓய்ந்து, கழிவு ஒரு கிலோவில் நின்றது. பிறகு முதலாளி என்னைத் தராசிலிருந்து எழுப்பிவிட்டு மூட்டை தைக்கச் சொன்னார். ஒரு வாரம் தைத்தேன். கோணி ஊசி கையில் குத்தாத நாள் இல்லை. விடியும் முன்னே வந்து எனக்குப் பதிலாகத் தராசில் உட்கார முதலாளிக்கு உடம்பு வளையவில்லை. எட்டாம் நாள் என்னையே திரும்பக் கூப்பிட்டார். மன்னிப்பு ஒன்றும் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் கடையில் வாய் திறந்து கேட்பவர்களுக்குக் கழிவு ஒரு கிலோ, கேட்காதவர்களுக்கு இன்னும் இரண்டு. மூட்டை ஏறும்போதே ஒவ்வொருவரிடமும், "கழிவு எம்புட்டுன்னு கேளுய்யா" என்று மெதுவாகச் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை. பரவாயில்லைப்பா, நாற்பத்தெட்டே போட்டுக்கோ என்கிறார்கள். அவர்களை அடிக்க வேண்டும் போல் வருகிறது. போட்டுக்கொள்கிறேன்.